கணக்கும் காடும் – 14: ராகிக் கொல்லைக்கு வந்த ஒற்றை யானை

கார்த்திகை மாதம். ஏரியூருக்கு வெளியே காட்டோரத்துக் கொல்லை ஒன்றில் நான்கு கால் நட்டுக் கட்டிய பரண். மேலே ஒரு பழைய ஜமுக்காளம், ஒரு டார்ச் விளக்கு, தட்டி ஓசை எழுப்ப ஒரு தகர டின். கீழே ராகிக் கதிர்கள் விரல் மடக்கிய கைபோல முற்றி நிற்கின்றன. இன்னும் பத்து நாளில் அறுப்பு. வருஷம் முழுக்க இல்லாத பயம் இந்தப் பத்து நாளில்தான் என்றார் பரணில் இருந்த பெரியவர்.

"கூட்டமா வர்றதுக்குக்கூட அவ்வளவு பயமில்ல தம்பி. குட்டி கூட இருக்கு பாருங்க, டின்னத் தட்டுனா திரும்பிடும். இந்த ஒத்தை இருக்குதே, அதுதான். வெளிச்சம் அடிச்சாலும் நிக்கும், பட்டாசு போட்டாலும் நிக்கும். தின்னு முடிச்சிட்டுத்தான் போகும்."

ஏரியூரின் ஒரு பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கம். 1934-இல் அணை கட்டி முடித்தபின் காவிரி அகன்று நாகமரை வரை ஏரியாகக் கிடக்கிறது. அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. வடக்கே பென்னாகரம், ஒகேனக்கல் காடுகள். அங்கிருந்து ஓசூர் வரைக்கும் ஆனேக்கல் வரைக்கும் யானை நடக்கும் நாடு. இந்த நாட்டில் கொல்லை காவல் புதிதல்ல. குறிஞ்சித் திணையின் பாதிக் கதை தினைப்புனக் காவலில்தான் நடக்கிறது. பரணும் கவணும் தட்டையும் அங்கேயே உண்டு. புனத்தை மேய வரும் களிறும் உண்டு. பாட்டில் வருவதும் பெரும்பாலும் களிறுதான், பிடி இல்லை. ஈராயிரம் ஆண்டாகக் காவல்காரனுக்குத் தெரிந்த இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று அறிவியல் ஓர் ஒழுங்கான விடை சொன்னது 1988-இல்தான். அந்த விடைக்கு வழி பூனாவில் தொடங்கி, அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு கணினி அறைக்குள் புகுந்து, பெங்களூரு வழியாக ஆசனூர் காட்டுக்கு வந்தது. இந்தப் பகுதியில் அந்த வழியைத்தான் பார்க்கப் போகிறோம்.

சென்ற பகுதியில் உயிரியலாளர் ஹால்டேனைப் புவனேசுவரத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே 1964 டிசம்பர் 1 அன்று மறைந்தவர் அவர். இறப்பதற்கு ஓராண்டு முன்னால், தம் மாணவர் சுரேஷ் ஜெயகருடன் சேர்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தார். ஓர் ஆண்டு மழை, மறு ஆண்டு வறட்சி என்று இயற்கைத் தேர்வு திசை மாறிக்கொண்டே இருந்தால் ஓர் இனத்துக்குள் இரண்டு வகைகளும் அழியாமல் நீடிக்க முடியுமா என்பது கேள்வி. சில நிபந்தனைகளில் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பருவமழையை நம்பி வாழும் நாட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. ஆனால் ஹால்டேனுக்குக் கையில் இருந்தவை காகிதமும் பென்சிலும்தான். அடுத்த தலைமுறைக்குக் கணினி கிடைத்தது.

அந்தத் தலைமுறையின் முதல் பெயர் மாதவ் காட்கில். 1942-இல் பூனாவில் பிறந்தவர். தந்தை தனஞ்செயராவ் காட்கில் பெரிய பொருளாதார அறிஞர், பின்னாளில் திட்டக்குழுவின் துணைத் தலைவர். பொருளாதாரக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை உயிரியல் படித்ததால்தானோ என்னவோ, உயிர்களின் வாழ்க்கையை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இயல்பாகப் படிந்திருந்தது. இது என் ஊகம்தான். பெர்குசன் கல்லூரியிலும் மும்பையிலும் விலங்கியல் படித்துவிட்டு ஹார்வர்டு போனார். 1969-இல் முனைவர் பட்டம். எறும்புகளின் அறிஞர் எட்வர்ட் வில்சனும், கணித உயிரியலாளர் வில்லியம் பாசெர்ட்டும் அப்போது அங்கே இருந்தார்கள். உயிரியல் மாணவர்கள் கணினியைத் தொடாத அந்தக் காலத்தில் காட்கிலுக்கு ஹார்வர்டு கணினி மையத்திலேயே ஆய்வு உதவித்தொகை கிடைத்தது.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட புதிருக்கு அப்போதே பதினைந்து வயது. அதை ராகியை வைத்தே சொல்லிவிடலாம்.

ராகி ஓராண்டுப் பயிர். முளைக்கும், கதிர் விடும், காயும், செத்துப்போகும். பக்கத்திலேயே நிற்கும் புளியமரம் வருஷா வருஷம் காய்த்துக்கொண்டு நூறாண்டு வாழும். எது லாபம்? 1954-இல் லமாண்ட் கோல் என்ற அமெரிக்கர் இதைக் கணக்கிட்டார். ஒரு செடி நூறு விதை போட்டுவிட்டுத் தானும் உயிரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு மொத்தம் 101 உயிர். இன்னொரு செடி 101 விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிறது. அடுத்த ஆண்டு அதற்கும் 101 உயிர். அப்படியானால் நூறாண்டு வாழ்வது என்ற அவ்வளவு பெரிய காரியத்தின் பலன், ஒரே ஒரு விதை கூடுதலாகப் போடுவதற்குச் சமம்! பிறகு எதற்கு மரங்கள் இருக்கின்றன, எதற்கு யானைகள் இருக்கின்றன? கோல் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் காடு அந்தக் கணக்குப்படி இல்லை.

முடிச்சு எங்கே என்று விவசாயிக்குக் கேட்ட உடனே தெரியும். போட்ட விதையெல்லாம் முளைக்குமா? முளைத்ததெல்லாம் பிழைக்குமா? காட்டில் நூறு விதையில் ஒன்று பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். வளர்ந்த மரம் பத்தில் ஒன்பது வாய்ப்பில் அடுத்த ஆண்டைக் காண்கிறது. இப்போது செத்துப்போகும் செடி 101 விதையிலிருந்து அடுத்த ஆண்டுக்கு ஒன்றைத்தான் அனுப்புகிறது, சரியாகச் சொன்னால் 1.01. உயிரோடு இருக்கும் மரத்தின் நூறு விதையிலிருந்து ஒன்று, அதோடு தன் பங்கு 0.9, ஆக 1.9. இதற்கு ஈடுகொடுக்க ஓராண்டுச் செடி 190 விதை போட வேண்டும். ஒன்றே ஒன்று என்று கோல் சொன்ன இடத்தில் தொண்ணூறு வந்து நிற்கிறது. குஞ்சுச் சாவும் பெரியவர் சாவும் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் சேர்த்தவுடன் புதிர் அவிழ்கிறது. சார்னோவ், ஷாஃபர் என்ற இருவர் 1973-இல் இதைச் சுருக்கமாக, அழகாக எழுதினார்கள். ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பே, இந்தக் கேள்வியை இன்னும் அகலமாக விரித்து எழுதியிருந்தார்கள் காட்கிலும் பாசெர்ட்டும்.

'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' இதழில் 1970-இல் வந்த கட்டுரை அது. பரிணாமச் சூழலியல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அவர்கள் சொன்னது இதுதான். ஓர் உயிருக்கு ஒவ்வொரு வயதிலும் வருமானம் அளவானது. அந்த வருமானத்தில் மூன்று செலவு: தன் உடலைப் பராமரிப்பது, வளர்வது, பிள்ளை பெறுவது. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதில் குறையும். இந்த வயதில் இவ்வளவு பிள்ளைச் செலவு என்று வாழ்நாள் முழுதுக்கும் ஒரு பட்டியல் போட்டால், எந்தப் பட்டியல் அதிகச் சந்ததியை விட்டுச் செல்லும்? அதைத்தான் இயற்கைத் தேர்வு நிலைநிறுத்தும். பட்டியல்களோ எண்ணில் அடங்கா. அங்கேதான் கணினி வந்தது. வெவ்வேறு பட்டியல்களைக் கொடுத்து ஓடவிட்டு, எந்தச் சூழலுக்கு எது வெல்கிறது என்று பார்த்தார்கள்.

இரண்டு வகை விடை வந்தது. பிள்ளைச் செலவில் முதல் சில ரூபாய்க்கே நல்ல பலன், போகப் போகப் பலன் குறைவு என்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை பெறுவதே சிறந்தது. அப்படி வாழும் உயிர் முதுமையில் பிள்ளைச் செலவைக் கூட்டிக்கொண்டே போகும். அதற்கு மாறாக, கொஞ்சம் செலவிட்டால் ஒன்றுமே கிடைக்காது, மொத்தமாகக் கொட்டினால்தான் பலன் என்றால், சேர்த்ததை எல்லாம் ஒரே நாளில் கொட்டிவிட்டுச் சாவதே சிறந்தது. ஆற்றின் தலைப்புக்கு ஏறி வந்து முட்டையிட்டுச் சாகும் சால்மன் மீன் அதற்கு அவர்கள் நாட்டு உதாரணம். நம் நாட்டு உதாரணம் மூங்கில்.

பெருமூங்கில் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு பூக்காமல் இருந்து, காடே ஒன்றாகப் பூத்து, மூங்கிலரிசியைக் கொட்டிவிட்டு மொத்தமாகக் காய்ந்து போகும். வருஷத்துக்குக் கொஞ்சம் என்று பூத்தால் எலியும் காட்டுக்கோழியும் ஒரு விதை விடாமல் தின்று தீர்க்கும். தின்ன முடியாத அளவுக்குக் கொட்டினால்தான் நான்கு விதை முளைக்கும். டேனியல் ஜான்சன் 1976-இல் மூங்கிலின் நீண்ட காத்திருப்புக்குச் சொன்ன விளக்கம் இது. காட்கிலோ இந்தியா திரும்பியபின் மூங்கில் காட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

1971-இல் திரும்பினார். கூடவே மனைவி சுலோசனா காட்கில், பருவமழையைக் கணிதத்தால் ஆராய்ந்தவர். 1973-இல் இருவரும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோட்பாட்டு ஆய்வு மையத்தில் சேர்ந்தார்கள். அப்போது இயக்குநராக இருந்தவர் சதீஷ் தவான். ஹார்வர்டில் ஆசிரியராகவே தங்கியிருக்கக்கூடிய ஒருவர், காகிதத்தில் கணக்குப் போடும் மையத்தில் அமர்ந்துகொண்டு, கையில் தொலைநோக்கியுடன் பந்திப்பூருக்கும் வடகன்னட மாவட்டத்துக்கும் நடந்தே திரிந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தியச் சூழலியலுக்கு அந்த நடை ஒரு புது வழி போட்டது.

கர்நாடக அரசு காகித ஆலைகளுக்கு மூங்கில் வெட்டும் உரிமை கொடுத்திருந்தது. மூங்கில் அருகிக்கொண்டே வந்தது. ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். வனத்துறைப் பாடத்தின்படி மூங்கில் புதரின் அடியில் இருக்கும் முள் கிளைகளை அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அப்போதுதான் நெரிசல் இல்லாமல் வளரும். ஊர்க்காரர்கள் வேறு சொன்னார்கள். முள்ளை எடுத்துவிட்டால் புதுக் குருத்தை மாடும் குரங்கும் தின்றுவிடும், முள்தான் வேலி என்றார்கள். காட்கிலும் நரேந்திர பிரசாதும் புதர் புதராக அளந்து பார்த்ததில் ஊர்க்காரர் சொன்னதே மெய்யானது. அந்த அளவீடுகளையே வைத்து, மூங்கில் இனம் இரண்டின் வாழ்க்கை முறை எப்படி உருவாகியிருக்கும் என்ற பரிணாமக் கட்டுரையையும் 1984-இல் எழுதினார்கள். ஹார்வர்டில் கணினிக்குள் ஓடிய கேள்வி, பத்துப் பதினைந்து ஆண்டில் ஒரு மாட்டுக்காரர் சொல்லைச் சோதித்துப் பார்க்கும் வேலையாக மண்ணுக்கு இறங்கியிருந்தது.

அதே மையத்துக்குத்தான் சென்னையில் பிறந்த ஓர் இளைஞர் ஆய்வு மாணவராக வந்தார். ராமன் சுகுமார். அவர் தேர்ந்தது யானை. யானைக்கும் விவசாயிக்கும் இடையிலான வழக்கு. 1981 முதல் 1983 வரை சத்தியமங்கலம் மலைக்காடுகளிலும், ஆசனூரைத் தாண்டிய சாமராஜநகர்ப் பக்கத்துக் காடுகளிலும் யானைகளைப் பின்தொடர்ந்தார். ஏரியூர்க் காடுகளுக்கு மேற்கே, காவிரிக்கு அந்தப் பக்கம் தொடரும் மலைகள் அவை. அங்கும் ராகி. அங்கும் பரண்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். விடியற்காலை மேய்ந்த கொல்லைக்குப் போவது. எத்தனை யானை, எந்த வயது, ஆணா பெண்ணா என்பதைக் காலடித் தடத்தாலும் காவல்காரர் சொல்லாலும் உறுதி செய்வது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை அளந்தால் யானையின் உயரம் தெரியும். இரண்டு சுற்று ஓர் உயரம் என்பது பாகர்களின் பழைய கணக்கு. உயரத்திலிருந்து வயது. எத்தனை அடி கொல்லை போயிற்று, எவ்வளவு தின்றது என்பதை அளப்பது. காட்டுப் புல்லையும் ராகிக் கதிரையும் எடுத்துப் போய்ச் சத்தைச் சோதிப்பது. மழை முடிந்து புல் முற்றும்போது அதில் புரதம் குறைந்துவிடுகிறது. ராகியிலோ புரதமும் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு, யானை தேடி அலையும் உப்புச் சத்தும் உண்டு. ஆக யானை கொல்லைக்கு வருவது காடு அழிந்ததால் மட்டுமல்ல. நல்ல காட்டில் இருந்தும் வரும். கொல்லையில் இருப்பது அதைவிட நல்ல சாப்பாடு. சாமைக்கும் கம்புக்கும் நெல்லுக்கும் இதே நியாயம்தான்.

ஆனால் சாப்பாடு எல்லா யானைக்கும் ஒன்றுதானே? பிடிக்கும் அதே பசி, களிறுக்கும் அதே பசி. சுகுமார் எண்ணிப் பார்த்ததில், கூட்டத்தில் இருக்கும் ஒரு யானை ஆண்டில் எத்தனை இரவு கொல்லைக்குள் நுழைகிறதோ, வளர்ந்த ஆண் அதைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு இரவுகள் நுழைகிறது. ஏரியூர்ப் பெரியவர் சொன்ன ஒத்தை இதுதான்.

சுகுமாரும் காட்கிலும் 1988-இல் 'அனிமல் பிஹேவியர்' இதழில் கொடுத்த விடை, காட்கில் ஹார்வர்டில் போட்ட வரவு செலவுக் கணக்கின் தொடர்ச்சி. ஆண் யானை கூட்டத்தோடு வாழ்வதில்லை. பருவம் வந்ததும் தாய்க் கூட்டத்தை விட்டுப் போகிறது. பல பிடிகளோடு சேரும் வாய்ப்பு பெரிய உடம்பும் நல்ல மதமும் உள்ள சில களிறுகளுக்கே. மற்றவற்றுக்குப் பிள்ளையே இல்லாமல் போகலாம். பிடிக்கு அப்படி இல்லை. ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் சுமந்து, நாலைந்து ஆண்டுக்கு ஒரு குட்டி. எவ்வளவு தின்றாலும் அந்த வேகத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. ஆக நல்ல சாப்பாட்டின் கூடுதல் பலன் களிறுக்கு ஏணிபோல் ஏறுகிறது, பிடிக்குச் சீக்கிரமே நின்றுவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கொல்லைக்குப் போனால் பத்தில் மூன்று யானை துப்பாக்கியிலோ மின்சாரத்திலோ சாகும் என்று வைப்போம். காட்டிலேயே மேயும் களிறுக்கு வாழ்நாளில் ஒரு குட்டி, கொல்லையில் தின்று பெருத்த களிறுக்கு இரண்டு. ஆபத்தைக் கழித்தால் 0.7 பெருக்கல் 2, அதாவது 1.4. ஒன்றைவிடப் பெரிது, ஆகவே போவது லாபம். பிடிக்குக் காட்டிலேயே ஆறு குட்டி, கொல்லையில் தின்றால் ஏழு. 0.7 பெருக்கல் 7, 4.9. ஆறைவிடக் குறைவு, ஆகவே போவது நஷ்டம். பயிர் ஒன்று, ஆபத்தும் ஒன்று, கணக்கு மட்டும் வேறு. எந்த யானையும் உட்கார்ந்து இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை. துணிந்த களிறின் சந்ததி பெருகியது, துணிந்த பிடியின் சந்ததி குறைந்தது. லட்சக்கணக்கான ஆண்டில் துணிச்சல் ஒரு பாலிலும் எச்சரிக்கை மறு பாலிலும் தங்கிவிட்டது. ராகி வருவதற்கு வெகு காலம் முன்பே, புலியும் வறண்ட ஆறும் எட்டாத புல்வெளியும் இந்தப் பாடத்தை நடத்தி முடித்திருந்தன.

இதை வாசித்தபிறகு என் மனதில் ஒன்று மாறியது. ஒற்றை யானையை 'அட்டகாசம் செய்யும் யானை' என்று செய்தித்தாள் எழுதும்போது, அந்த யானை கெட்டுப்போனது என்ற பொருள் தொனிக்கிறது. அது கெட்டுப்போகவில்லை. களிறாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்.

சுகுமார் அங்கே நிற்கவில்லை. அவருடைய அடுத்த கேள்வி இந்த வட்டாரத்தின் ரத்த வரலாற்றைத் தொட்டது. எழுபது, எண்பதுகளில் காவிரிக் கரைக் காடுகள் தந்தக் கொள்ளையர் கையில் இருந்தன. அந்தக் கொள்ளையில் வளர்ந்த வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், இதே தருமபுரி மாவட்டத்தில்தான். ஆசிய யானையில் பெரிய தந்தம் ஆணுக்கு மட்டுமே. ஆகவே கொள்ளையர் குண்டு ஆணையே தேடிப் போயிற்று. ஆண்கள் மட்டும் செத்துக்கொண்டே இருந்தால் ஓர் இனம் எவ்வளவு தாங்கும்?

இதற்குப் பயன்பட்ட கருவியை 1945-இல் ஆக்ஸ்போர்டில் பேட்ரிக் லெஸ்லி செய்து வைத்திருந்தார். 'பயோமெட்ரிகா' இதழில் வந்த அந்த முறை, குடும்ப அட்டை போன்ற ஓர் எண் கட்டம். ஒவ்வொரு வயதுக்கும் எத்தனை பேர், அடுத்த வயதைக் காண்பவர் எத்தனை பங்கு, அந்த வயதில் பெறும் பிள்ளை எத்தனை என்று எழுதிக்கொண்டு, பெருக்கினால் அடுத்த ஆண்டுக் கட்டம் வரும். அதைப் பெருக்கினால் அதற்கடுத்த ஆண்டு. எலிக்குக் கையாலேயே போடலாம். அறுபது வயது வரை வாழும் யானைக்கு, ஆண் தனி, பெண் தனி, மழை பெய்த ஆண்டு தனி, பஞ்சத்து ஆண்டு தனி என்று போட வேண்டுமானால் கணினி வேண்டும். 1989-இல் வந்த சுகுமாரின் நூலில் இந்தக் கணக்குகள் விரிவாக இருக்கின்றன.

கணக்கு இரண்டு செய்தி சொல்லிற்று. ஒரு களிறு பல பிடிகளுக்குப் போதும் என்பதால், ஆண்கள் குறைந்தாலும் உடனே பிறப்பு குறையாது. கூட்டத்தை எண்ணிப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். ஓர் எல்லையைத் தாண்டியபின்தான் சரிவு வெளியே தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். பெரியாற்றுக் காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்ற நிலை வரை போயிற்று. இரண்டாவது செய்தி, யானை இனத்தின் உயிர்நாடி பிறக்கும் குட்டியின் எண்ணிக்கையில் இல்லை, வளர்ந்த பிடி சாகாமல் இருப்பதில் இருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டித்தான் தலைக்குட்டி. ஒரு பிடி செத்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வர அவ்வளவு காலம். 2023 மார்ச் மாதம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் கொல்லைக்குப் போட்ட மின்வேலியில் வளர்ந்த யானை மூன்று ஒரே இரவில் செத்துக் கிடந்தன. குட்டி இரண்டு தப்பிப் பக்கத்திலேயே நின்றன. செய்தியாக அது மூன்று யானை. லெஸ்லியின் கட்டத்தில் போட்டுப் பார்த்தால் அது பிறக்க வேண்டியிருந்த ஒரு வரிசையே இல்லாமல் போனது.

தந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தம் உள்ளது சாகிறது, தந்தமில்லாத மக்னா பிழைக்கிறது என்றால் தலைமுறை போகப் போக மக்னா பெருக வேண்டும் அல்லவா? தென்னிந்தியாவில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்பதுக்குத் தந்தம் உண்டு. இலங்கையில் நேர் எதிர், பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொம்பன்களையே பிடித்ததும் கொன்றதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆப்பிரிக்காவில் இதற்குக் கண்ணெதிரே சான்று கிடைத்தது. மொசாம்பிக்கின் கோரங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. அதற்கு முன் பெண் யானைகளில் 18.5 விழுக்காடு தந்தமற்றவை, பின்னர் 50.9 விழுக்காடு. தற்செயலாக இப்படி ஆகியிருக்க முடியுமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, முடியாது என்று 2021-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹால்டேன் 1924-இல் இங்கிலாந்தின் கறுத்த விட்டில்பூச்சிக்குப் போட்ட அதே வகைக் கணக்கு, நூறாண்டுக்குப் பின் யானைக்கு.

இன்னொரு கதையும் இந்த மாவட்டத்தோடு ஒட்டியது. 1971-இல் காட்கில் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். உயிர்கள் பிறந்த இடத்தை விட்டு ஏன் போகின்றன? போகிற வழியில் சாகலாம், போன இடத்தில் சோறில்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஓரிடத்தில் நல்ல காலம் நடக்கும்போது மற்றோரிடத்தில் கெட்ட காலம், பிறகு அது மாறி வரும் என்ற நிலை இருந்தால், பிள்ளைகளில் ஒரு பங்கை வெளியே அனுப்பும் இனமே நீடிக்கும் என்று அவர் மாதிரி காட்டிற்று. பத்தாண்டு கழித்து எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர்–தருமபுரிக் காட்டு யானைகளில் ஒரு பகுதி கிழக்கே புறப்பட்டது. நெடுங்காலமாக யானையே இல்லாத ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் போய்த் தங்கிற்று. அவற்றுக்காக 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் உண்டாயிற்று. யானையைப் பார்த்தே அறியாத ஊர்களில் எத்தனையோ பேர் உயிரிழந்தார்கள். தெரியாத விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. தருமபுரியின் பரண் அனுபவம் அந்த ஊர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2022 நவம்பரில் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 68,640 ஹெக்டேரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. 2024 மே மாதக் கணக்கெடுப்பில் தமிழகக் காடுகளில் 3,063 யானைகள் என்று வந்தது. நல்ல எண்தான். ஆனால் இந்தப் பகுதியை இதுவரை படித்தவர்கள் அந்த எண்ணோடு நிற்க மாட்டார்கள். அதில் வளர்ந்த களிறு எத்தனை, குட்டி ஈனும் பிடி எத்தனை என்றுதான் கேட்பார்கள். அரசும் அந்தப் பிரிவுக் கணக்கையே முதல் பக்கத்தில் போட வேண்டும்.

ஏரியூர், நெருப்பூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொல்லைக்கு யானை வந்து இழப்பீட்டுக்கு மனு எழுதும்போது, 'யானை வந்து பயிரை நாசம் செய்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, என்ன பயிர், அது எந்தப் பருவத்தில் இருந்தது, ஒற்றையா கூட்டமா, தந்தம் உண்டா மக்னாவா என்ற ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். மனுவின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுகுமார் ஆசனூரில் தம் நோட்டில் குறித்துக்கொண்டவையும் ஏறத்தாழ இவைதான்.

அடுத்த இதழில் கோயில் காடு. யாரும் கைவைக்காத ஒரு துண்டுக் காட்டை ஊருக்கு நடுவில் விட்டுவைப்பது கணக்குப்படியும் லாபம்தான் என்று என்.வி. ஜோஷியும் காட்கிலும் 1991-இல் காட்டிய கதை.

(தொடரும்)